ஒரே வரி

அறிவியல் கணிப்பில் ஈடுபடுவோர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களுள், ‘ஒரே வரிதான் சார், பிப் இன்ஸ்டால் என்று அடித்தால் முடிந்தது’ என்பதற்குத் தனியிடம் உண்டு. ‘இதோ, தெருமுனைக்கு வந்துவிட்டேன்’ என்று இன்னும் குளிக்கப் போகாதவர் கைப்பேசியில் சொல்வதும், ‘அடுத்த பந்தியில் நிச்சயம் இடம் இருக்கும்’ என்று கல்யாண வீட்டில் சொல்லப்படுவதும் எந்த வகையைச் சேர்ந்தவையோ அதே வகையைச் சேர்ந்ததுதான் இதுவும். சொல்பவருக்குப் பொய் சொல்லும் நோக்கம் இல்லை, கேட்பவரும் நம்பாமல் இருப்பதில்லை, ஆனால் சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையில் மூன்று நாட்கள் போய்விடுகின்றன. அவ்வாறு போன மூன்று நாட்களின் சூடு ஆறுவதற்கு முன் எழுதப்படும் இக்கட்டுரையின் நோக்கம், விண்டோஸ் இயங்குதளம் உள்ள கணினியில் அறிவியல் நிரல்களுக்கு வேண்டிய மாட்யூல்களை நிறுவும் முறையை ஐந்து எளிய படிகளில் விளக்குவதாகும். லினக்ஸ் பயன்படுத்துவோர் இதைப் படித்து நகைக்க வேண்டியதில்லை. அவர்கள் முதலில் தங்கள் மடிக்கணினியில் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

படிகளுக்குள் புகுமுன் சில சொற்களுக்குப் பொருள் வரையறுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. பைத்தான் என்பது நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் முதன்முதலாக வெளியிட்ட நிரல்மொழி. சின்னத்தில் பாம்பு இருப்பினும் பெயர் மலைப்பாம்பிலிருந்து வந்ததன்று, பிபிசி தொலைக்காட்சியில் கூத்தடித்த ‘மான்ட்டி பைத்தான்’ என்னும் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது என்பதால், இம்மொழியில் நடப்பவை எல்லாம் எங்கோ ஒருவர் சிரிப்பதற்காகவே நடக்கின்றனவோ என்னும் ஐயம் அடிப்படையற்றது என்று தள்ளிவிட முடியாது. மாட்யூல் என்பது ஒருவர் எழுதி வைத்ததைப் பிறர் எடுத்தாள்வதற்கு ஏற்பக் கட்டிவைக்கப்பட்ட நிரற்பகுதி. எண்களை வரிசை வரிசையாக அடுக்கிக் கணக்கிடும் நம்பை, அதன்மேல் கட்டப்பட்ட சைபை, வரைபடம் தீட்டும் மேட்பிளாட்லிப் ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. பிப் என்பது இவற்றை இணையத்திலிருந்து கொண்டுவந்து இறக்கும் ஏவலாள்; இயன் பிக்கிங் என்பவரால் 2008இல் பணியில் அமர்த்தப்பட்ட இந்த ஏவலாள், போன காரியம் முடியாமல் திரும்பும்போது சிவப்பு நிறத்தில் நூற்றைம்பது வரி பேசும் இயல்பினன்.

நிறுவ வேண்டிய காரணமும் பெரிதொன்றும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை, 1901ஆம் ஆண்டு தொடங்கி நாள்தோறும் நாடெங்கும் பெய்த மழையைக் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தரவாக வழங்குகிறது. அதில் ஒரு நாளை எடுத்து நிலப்படத்தில் நீலமாகத் தீட்டுவதே வேலை. அதற்கான நிரல் முப்பது வரி. அந்த முப்பது வரியையும் எழுத ஆய்வாளர் ஒருவருக்கு அரைமணி நேரம் ஆனது என்பதையும், அந்த அரைமணி நேரமும் இன்பமாகவே கழிந்தது என்பதையும் இங்கே பதிவு செய்வது முறை.

படி ஒன்று, பைத்தானை நிறுவுதல். நிறுவியைத் திறந்தவுடன் தோன்றும் சாளரத்தின் நடுவில் ‘இப்போதே நிறுவுக’ என்னும் பகுதி பந்தல் போலப் பரந்து நிற்க, அடியில், வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியைப் போன்ற இடத்தில், ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பைத்தானைப் ‘பாத்’ என்பதில் சேர்க்கலாமா என்று அது கேட்கிறது. பாத் என்பது, ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தால் அதற்குரிய நிரலை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் முகவரிப் பட்டியல். அதில் இடம்பெறாத நிரல், ஊரில் வீடு கட்டிக் குடியேறியும் ரேஷன் அட்டையில் பெயர் சேராத மருமகளைப் போன்றது. இருக்கிறாள், ஆனால் இல்லை. இந்தக் கட்டம் டிக் செய்யப்படாத நிலையிலேயே காட்சி தருகிறது என்பதும், அதை டிக் செய்ய வேண்டும் என்னும் அறிவு நிறுவல் முடிந்த பிறகே மனிதனுக்கு உதிக்கிறது என்பதும் யாவரும் அறிந்தவை. 2019ஆம் ஆண்டு மே மாதப் புதுப்பிப்புக்குப் பின் வந்த விண்டோஸ் 10இலும் அதன் பின்னவற்றிலும், இவ்வாறு பட்டியலில் சேராத பைத்தானைக் கட்டளைச் சாளரத்தில் பெயர் சொல்லி அழைத்தால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற பழைய மறுமொழிக்குப் பதிலாக மென்பொருள் கடை ஒன்று திறந்து, இன்னொரு பைத்தானைக் கொண்டுபோகுமாறு அழைக்கிறது. ஆய்வாளர் கொண்டுபோகிறார். அதன்பின் முதல் பைத்தான் நினைவுக்கு வர, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். நீக்கியது முழுதும் நீங்கவில்லை என்பதும், மறுபடி நிறுவும்போதும் அந்தச் சின்னக் கட்டத்தைக் கவனிக்கவில்லை என்பதும் பின்னரே தெரிகின்றன. இதை வாசிப்போரின் கணினியிலும் பைத்தான்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும் என்பதில் ஐயமில்லை. ‘வேர் பைத்தான்’ என்னும் கட்டளையை இட்டுப் பார்த்தால் எண்ணிக்கை தெரியும், பார்க்காமல் இருப்பதே மனநிம்மதி.

மாட்யூல்கள் இருக்கும் இடத்தைப் பற்றியும் கூற வேண்டும். உலகத்தார் எழுதிய பைத்தான் மாட்யூல்கள் அனைத்தும் அடுக்கப்பட்டிருக்கும் பொதுக் கிடங்கு 2003இல் தொடங்கப்பட்டபோது அதற்கு ‘சீஸ் ஷாப்’ என்னும் செல்லப் பெயர் வழங்கியது. மேற்சொன்ன நகைச்சுவைக் குழுவின் புகழ்பெற்ற நாடகத்துண்டு ஒன்றில், பாலாடைக்கட்டி விற்கும் கடைக்கு வரும் ஒருவர் உலகத்தில் உள்ள பாலாடைக்கட்டி வகைகளை எல்லாம் பெயர் சொல்லிக் கேட்க, கடைக்காரர் ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று சொல்ல, முடிவில் அது பாலாடைக்கட்டியே இல்லாத பாலாடைக்கட்டிக் கடை என்பது தெரியவருகிறது. ஒரு கிடங்குக்கு இப்படிப் பெயர் வைத்தவர்களின் நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இக்கடையில் பொருள்கள் முன்பு ‘முட்டை’ என்னும் பெயரால் கட்டப்பட்டு வந்தன. 2013இல் ஏற்கப்பட்ட புதிய வடிவத்துக்குப் பாலாடைக்கட்டி உருண்டையை நினைவூட்டும் வகையில் ‘வீல்’, அதாவது சக்கரம், என்று பெயர் சூட்டப்பட்டது. சக்கரம் என்பது முன்பே சமைத்து ஆயத்தமாக்கப்பட்ட மாட்யூல். இறக்கி வைத்தால் ஓடும். ஆனால் ஒவ்வொரு சக்கரமும் ஒரு குறிப்பிட்ட வண்டிக்கே பொருந்தும் என்பதால், அதன் பெயருக்குப் பின்னால் மாட்யூலின் பதிப்பும், பைத்தானின் பதிப்பும், இயங்குதளமும் கோர்க்கப்பட்டு, பெயர் ஏதோ ஜமீன்தாரின் பட்டப்பெயர்களைப் போல நீள்கிறது. அந்த நீண்ட பெயரின் இறுதியில் ‘வின்_ஏஎம்டி64’ என்று இருப்பதைக் கண்டு, தமது கணினியில் இருப்பது இன்டெல் சில்லு ஆயிற்றே என்று திகைத்து, வேறு சக்கரம் தேடி ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பவர்கள் உண்டு. 64 பிட் முறையை இந்தக் குடும்பத்துச் சில்லுகளுக்கு முதலில் வகுத்த நிறுவனத்தின் பெயர் அந்த முறைக்கே நிலைத்துவிட்டதால், இன்டெல் சில்லும் அந்தப் பெயராலேயே அழைக்கப்படுகிறது; சொந்தக்காரர் போனபின்னும் ‘டாக்டர் வீடு’ என்றே அழைக்கப்படும் வீட்டில் மளிகைக் கடை நடப்பதைப் போன்றது இது. அந்த மாலைப்பொழுதைக் கழித்தவர் யார் என்பது இக்கட்டுரைக்கு வேண்டாத செய்தி.

சக்கரம் கிடைக்காவிடில் என்ன நிகழும் என்பதே இப்பொருளின் உயிர்நாடி. 2020 முதல் பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வெளிவருகிறது. அதற்கேற்ற சக்கரங்களை ஒவ்வொரு மாட்யூலின் ஆசிரியரும் தத்தம் ஓய்வு நேரத்தில் உருட்டி அனுப்பச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகின்றன. எனவே புதியது நல்லது என்று நம்பி அண்மைப் பதிப்பை நிறுவியவருக்குச் சக்கரம் இராது. அப்போது பிப் மனந்தளராமல், சமைக்கப்படாத மூலநிரலையே கொண்டுவந்து, அதை இவர் வீட்டிலேயே சமைக்க முற்படுகிறது. நம்பை போன்றவற்றின் உள்ளே விரைவு கருதி சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் உண்டு. அவற்றைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றுவது கம்பைலர் என்னும் நிரலின் வேலை. விண்டோஸ் கம்பைலரோடு வருவதில்லை. ஆகவே நூற்றைம்பது சிவப்பு வரிகளுக்குப் பின், இறுதியில், இப்பொருளில் வழங்கும் நூற்பாக்களுள் தலையாயது தோன்றுகிறது:

‘மைக்ரோசாஃப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை.’

இதற்கு இதுகாறும் உரை எழுதியோர் இலர். இக்குறையை நீக்கும்பொருட்டு உரை இங்கே தரப்படுகிறது.

என் நுதலிற்றோ எனின், கேட்டது கிடைக்காது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. ‘மைக்ரோசாஃப்ட்’ என்பது ஆக்கியோன் பெயர். சிறப்புப் பாயிரம் கூறுவோர் ஆக்கியோன் பெயரை முதலில் வைக்கும் மரபு இங்கும் பேணப்பட்டது. ‘விசுவல்’ என்பது கண்ணுக்குப் புலனாவது என்னும் பொருளது. எனினும் இதை நிறுவிய பின்னும் கண்ணுக்கு எதுவும் புலப்படாமையின், இதைக் காரணப்பெயர் என்று கொள்ளற்க, இடுகுறிப்பெயர் என்க. ‘சி’ என்பது சி மொழி. ‘பிளஸ் பிளஸ்’ என்பது, சி மொழியில் ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவதற்குரிய குறி. பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் என்பவர் சி மொழியை விரித்துச் செய்த மொழிக்கு, சி என்பதற்கு ஒருபடி மேற்பட்டது என்னும் கருத்தில் 1983இல் இப்பெயர் அமைந்தது. பிளஸ் பிளஸ் என்பது இரட்டைக்கிளவியோ எனின், அன்று; இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது, இதுவோ பிரித்தாலும் பொருள் தரும், ஆதலின் அடுக்குத்தொடர். அடுக்குத்தொடர் விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றின்கண் வருமாதலின், இவண் எதன்கண் வந்தது என்னும் வினா எழும். வெகுளியின்கண் வந்தது என்பாரும், அவலத்தின்கண் வந்தது என்பாரும் உளர். நேரம் நள்ளிரவைக் கடந்திருப்பின் இரண்டும் பொருந்தும். உவகையின்கண் வந்தது என்பார் விண்டோஸில் எதையும் நிறுவிப் பாராதவர் என்று விடுக்க.

‘14.0’ என்பது பதிப்பெண். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 12.0 எனவும், 2015ஆம் ஆண்டுப் பதிப்பு 14.0 எனவும் எண்ணிடப்பட்டமையின், இடையில் 13 என்னும் எண் காணாமற்போனது. 13 ஆகாத எண் என்று மேனாட்டார் விடுதிகளில் அறையெண்ணையும் மாடியெண்ணையும் விட்டுச் செல்வது போல இதுவும் விடப்பட்டது என்று கொள்வர். பிழைகளைத் தவிர்க்கச் சகுனம் பார்த்தவர்கள், பிழை உறுதியாக நிகழும் இடத்தில் அதற்கு அடுத்த எண்ணை எழுதி வைத்தமை முரண். ‘அல்லது’ என்பது விகற்பப் பொருளில் வந்த இடைச்சொல். இரண்டில் ஒன்று கிடைக்கும் என்னும் நம்பிக்கையை ஒரு நொடி தந்து பறிப்பது இதன் பயன். ‘அதற்கு மேற்பட்டது’ என்பது ஆராய்தற்குரியது. 2015க்குப் பின் 2017, 2019, 2022 என்று பதிப்புகள் வந்தும், அவற்றில் உள்ள சி பிளஸ் பிளஸ் கருவிகளின் எண் 14.1, 14.2, 14.3 என்று புள்ளிக்குப் பின்னரே நகர்ந்ததே ஒழிய 15ஐத் தொடவில்லை. ஆதலின், அறுபதாம் கல்யாணத்திலும் ‘இன்னும் குழந்தைதான்’ என்று சொல்லப்படுபவரைப் போல, எத்தனை ஆண்டு கடந்தும் தேவைப்படுவது 14தான். ‘2022 நிறுவியிருக்கிறேன், 14 கேட்கிறதே’ என்று கலங்கி, 2022ஐ நீக்கி 2015ஐத் தேடி அலைந்தவர்கள் கணக்கற்றோர். அவர்களுக்கு இவ்வுரை காலத்தே கிட்டாமற்போனது உரையாசிரியரின் பிழை.

‘தேவை’ என்பது எஞ்சிய சொல். யாருக்குத் தேவை என்பது சொல்லப்படாமையின் நான்காம் வேற்றுமை தொக்கு நின்றது. ஆய்வாளருக்குத் தேவை என்று விரிப்பது பொருந்தாது. ஆய்வாளருக்குத் தேவைப்பட்டது மழைப்படம். பிப்புக்குத் தேவை என்று விரிப்பதும் பொருந்தாது. பிப் கடமையை முடித்துத் திரும்பிவிட்டது. யாருக்கும் தேவைப்படாத ஒன்று, யாரும் இல்லாத இடத்திலிருந்து கேட்கப்படுகிறது என்பதே இந்நூற்பாவின் உட்பொருள். அஃதேல், வேறு நிறுவனத்தார் இலவசமாகத் தரும் கம்பைலரைக் கொண்டு இதைச் செய்தல் கூடாதோ எனின், விண்டோஸுக்கான பைத்தானே மைக்ரோசாஃப்ட் கம்பைலரைக் கொண்டுதான் சமைக்கப்பட்டது, ஒரே அடுப்பில் வெந்தவையே ஒன்றோடொன்று ஒட்டும், ஆதலின் கூடாது என்பர். அதனையும் மீறிச் செய்வார் உளரோ எனின், உளர். செய்தவர் திரும்பி வந்து யாதும் உரைத்திலர்.

இவ்வுரையைப் பாமரரும் உணரும் வகையில் உவமை வாயிலாகச் சொல்வதாயின், ஓட்டலில் ஒருவர் அமர்ந்து இரண்டு இட்லி கேட்கிறார். வெந்த இட்லி இருந்தால், அதுவே சக்கரம். இல்லாத நாளில் பரிமாறுபவர், ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அப்படிச் சொல்லாமல், இலையில் புழுங்கலரிசியையும் உளுந்தையும் வைத்துவிட்டு, ‘கிரைண்டர் 14ஆம் மாதிரி அல்லது அதற்கு மேற்பட்டது தேவை’ என்று இவரைப் பார்த்துச் சொல்கிறார். இவரும், பசித்தவர் எதையும் செய்வார் என்பதற்கு இணங்க, கிரைண்டர் வாங்கப் போகிறார். கடைக்காரர் கிரைண்டரைத் தனியாகத் தருவதில்லை. கிரைண்டரோடு, கிரைண்டர் செய்யும் தொழிற்சாலையின் ஒரு பகுதி, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பங்கள், விண்டோஸ் எஸ்டிகே என்னும் பெயருள்ள இன்னோர் அறை நிறைந்த சாமான்கள் அனைத்தும் சேர்ந்தே வரும், அவற்றை இவர் தம் வீட்டில், ஏற்கனவே இடமில்லாத சி கூடத்தில்தான் இறக்கிவைத்தாக வேண்டும். பதினைந்து எம்பி அளவில் முடிந்திருக்க வேண்டிய நம்பைக்காகப் பல ஜிபி இறங்குகிறது. இறங்கி முடிந்தபின் மறுதொடக்கம் கேட்கிறது. மறுதொடக்கம் செய்து ஓட்டலுக்குத் திரும்பினால், மாவு அரைபடுகிறது. இருபது நிமிடம் அரைபடுகிறது. அதன்பின், மழைத் தரவைத் திறக்கும் மாட்யூலின் முறை வரும்போது, பரிமாறுபவர் வந்து, ‘எச்டிஎஃப்5 தலைப்புக் கோப்புகளைக் காணோம்’ என்கிறார். அதாவது இட்லித் தட்டு இல்லை. தட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டால், அதுவும் மூலப்பொருளாகத்தான் கிடைக்கும்.

எச்டிஎஃப்5 என்பது பெருந்தரவுகளைச் சேமிக்கும் கோப்பு வடிவம். வானிலைத் தரவுகள் பெரும்பாலும் நெட்சிடிஎஃப் என்னும் வடிவில் வழங்கப்படுகின்றன. அதன் நான்காம் பதிப்பு எச்டிஎஃப்5இன் முதுகில் ஏறி நிற்கிறது. மழையின்மேல் கட்டம், கட்டத்தின்மேல் நெட்சிடிஎஃப், அதன்கீழ் எச்டிஎஃப்5, அதன்கீழ் கம்பைலர் என்று போகும் இந்த அடுக்கில், இவர் எந்தத் தளத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பது இரண்டாம் நாள் மாலைக்குப் பின் தெளிவாகவில்லை.

முற்காலத்தில் நிலைமை இதைவிட மோசம் என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். பைத்தான் 2.7 விண்டோஸுக்காகச் சமைக்கப்பட்டது 2008ஆம் ஆண்டுக் கம்பைலரால். ஆண்டுகள் பல கடந்தும் அந்தப் பழைய கம்பைலரையே தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததால், ‘வீசிவார்ஸ்ஆல்.பேட் என்னும் கோப்பைக் காணோம்’ என்னும் நூற்பா அக்காலத்து ஆய்வாளர்களின் காதில் இன்றும் ஒலிக்கிறது. 2014இல் அதற்கெனத் தனி நிறுவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதை அக்காலத்தார் மழை பெய்தது போலக் கொண்டாடினர். அந்த வறண்ட ஆண்டுகளில் விண்டோஸ்காரர்களுக்குச் சோறு போட்டவர் கிறிஸ்டாஃப் கோல்கே. இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒளிர்வு ஆய்வகத்தில் இருந்துகொண்டு, நூற்றுக்கணக்கான மாட்யூல்களைத் தாமே சமைத்து, அலங்காரம் ஏதும் அற்ற ஒரே நீண்ட பக்கத்தில் அடுக்கி வைத்தார். ஆனானப்பட்ட நிறுவனங்கள் செய்யாததை ஒரு மனிதர் செய்தார். அந்தப் பணி 2022இல் நின்றது. அணைக்கட்டு கட்டியவர்களுக்குச் சிலை வைக்கும் நாடுகள் இவருக்கு ஒரு தபால் தலைகூட வெளியிடவில்லை.

இவ்விடத்தில் ‘அனகோண்டாவைப் போட்டிருக்கலாமே’ என்று சொல்வதற்கு ஒருவர் எழுவார். எழாத சபை இல்லை. அனகோண்டா என்பது, பைத்தானோடு நூற்றுக்கணக்கான அறிவியல் மாட்யூல்களையும் அவற்றின் அடியில் உள்ள சி நூலகங்களையும் சமைத்தே மூட்டையாகக் கட்டித் தருவது. நம்பையை உருவாக்கிய டிராவிஸ் ஒலிஃபன்டும் பீட்டர் வாங் என்பவரும் 2012இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. மலைப்பாம்புக்குப் பெரிய பாம்பின் பெயர் என்னும் விளையாட்டில் இடப்பட்ட இப்பெயருக்குத் தமிழோடு தொடர்பு உண்டு என்பாரும் உளர். தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் அப்பாம்பின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பாம்பு ஒன்றைக் குறித்து ஐரோப்பியர் எழுதிய பெயரிலிருந்து வந்தது. அதன் மூலம் ‘ஆனைக்கொன்றான்’ என்னும் தமிழ்ச்சொல் என்பது ஒரு சாராரின் கருத்து, சிங்களச் சொல் என்பது இன்னொரு சாராரின் கருத்து. அந்தப் பட்டிமன்றத்தில் இக்கட்டுரை இறங்காது. ஆனையைக் கொல்லுமோ கொல்லாதோ, அன்று மடிக்கணினியில் மீதமிருந்த இடத்தை அது கொன்றது. மேலும் அனகோண்டாவின் ஏவலாளான கோண்டா, எதைக் கேட்டாலும் ‘சூழலைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லி ஒரு சிறு கோட்டைச் சுழலவிட்டுவிட்டு அமர்ந்துவிடும் பழக்கமுடையது. அண்மைப் பதிப்புகளில் வேகம் கூடிவிட்டது என்கிறார்கள், பழைய காயத்துக்கு அது மருந்தாகாது. இருநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2020இல் வந்தபின், இலவசம்தானே என்று போட்டு வைத்த அலுவலகங்களில் தலைகளை எண்ணும் வேலையும் நடந்தது.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நிரல் ஒருவழியாக ஓடத் தொடங்கி, மாவட்டப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருந்த கோப்பைத் திறந்த மாத்திரத்தில் நின்றது. ‘0எக்ஸ்8டி என்னும் பைட்டைப் பெயர்க்க இயலவில்லை’ என்பது காரணம். பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆங்கில நாடுகளுக்கேற்ப அமைந்த விண்டோஸிலோ, வேறு சொல்லப்படாதவரை பைத்தான் கோப்புகளை 1252 என்னும் பழைய மேலை ஐரோப்பியப் பட்டியலைக் கொண்டு வாசிக்கிறது. 256 இடங்கள் உள்ள அந்தப் பட்டியலில் ஐந்து இடங்கள் வெறுமையானவை. அவற்றுள் இரண்டு 81, 8டி. மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளியின் மூன்றாம் பைட் 8டி. உகரக் குறியின் மூன்றாம் பைட் 81. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தபோது, பிற்காலத்தில் இப்படி ஒரு பட்டியல் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சென்னை ‘ன்’ என்னும் இடத்தில் வீழ்ந்தது, மதுரை ‘து’ என்னும் இடத்தில் வீழ்ந்தது. ஆத்திரத்தில் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்ததில், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுள் புள்ளியும் உகரக் குறியும் இல்லாமல் இந்தச் சோதனைச் சாவடியைத் தடையின்றிக் கடப்பவை நீலகிரியும் தேனியும் மட்டுமே. கடந்தவையும் மானத்தோடு கடக்கவில்லை; நீலகிரியின் நடுவில் யூரோ நாணயக் குறியும், தேனியின் நடுவில் பதிப்புரிமைக் குறியும், இரண்டு பெயர்களிலும் இடையிடையே பதிவு செய்யப்பட்ட வணிகக் குறியும் முளைத்திருந்தன. கோப்பு யூடிஎஃப்-8 என்று நிரலில் ஒரு சொல் சேர்த்தால் இது தீரும், பைத்தான் 3.15 முதல் அந்தச் சொல்லும் வேண்டியிராது என்று முடிவாகியிருக்கிறது. தேனிக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் தன் கோப்புறைகளைப் பிரிக்கப் பின்சாய்வுக் கோட்டைப் பயன்படுத்துவதும், பைத்தான் அதே கோட்டைத் தனிக்குறிப்பின் தொடக்கமாகக் கொள்வதும், அதனால் ‘சி:\யூசர்ஸ்’ என்னும், எல்லார் கணினியிலும் இருக்கும் முகவரியை ஆங்கிலத்தில் அப்படியே நிரலில் எழுதினால் யூனிகோடு பிழை என்று அலறுவதும் தனிக்கட்டுரைக்குரியவை. கோப்பு முகவரி 260 எழுத்துக்கு மேல் போகலாகாது என்னும் பழைய வரம்பும் அவ்வாறே. ‘புதிய கோப்புறை (2)’ என்பதற்குள் ‘இறுதி’, அதற்குள் ‘உண்மையான இறுதி’ என்று அடுக்கி வைக்கும் ஆய்வாளர்கள் அந்த வரம்பை எளிதில் எட்டிவிடுகிறார்கள்.

இனி, படி ஒன்று நிறைவடைந்தது எனக் கொண்டு, மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, முந்தைய ஆண்டின் பைத்தானை நிறுவி, சின்னக் கட்டத்தை இருமுறை சரிபார்த்து டிக் செய்து, சக்கரங்கள் அனைத்தும் சத்தமின்றி இறங்க, முப்பது வரி நிரலும் பிழையின்றி ஓடி, மழைப்படம் திரையில் விரிந்தது. கன்னியாகுமரி மேலே இருந்தது. காஷ்மீர் கீழே இருந்தது. தரவின் முதல் வரிசை தெற்கே 6.5 பாகையில் தொடங்க, படம் தீட்டும் மாட்யூல் முதல் வரிசையை மேலே வைத்துத் தீட்டும் வழக்கமுடையதால், நாடு தலைகீழாக நின்றது. கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெற்றுக்கொண்ட இளைய ஆய்வாளர் ஒருவர், கடற்கரைக் கோடும் இல்லையே என்று கனிவோடு சுட்டிக்காட்டி, அடுத்த செய்தியில், ‘கார்ட்டோபை போட்டுடுங்க சார், ஒரே வரிதான்’ என்று எழுதியிருந்தார்.